அணியத்தில் ஏறாத சூடு

1

இது ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. என் அத்தை மகன் ஜெனித் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியார். கல்லூரி மலருக்கு ஒரு கட்டுரை கேட்டான். தலைப்பையும் அவனே கொடுத்தான்: "நார்க்கலவைப் பொருட்களை வார்க்கும்போது வெப்பத்தைக் கண்காணித்தலும் கட்டுப்படுத்தலும்." கேட்டதுமே எனக்குக் கொட்டாவி வந்தது. ஆனால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத வாய் என்னுடையது. சரி என்றுவிட்டேன்.

புதுக்கடையிலிருந்து கடலைப் பார்த்து இறங்குகிற ரோட்டில், ஃபைபர் வள்ளம், அதாவது மீன்பிடிப் படகு, செய்கிற ஒரு ஷெட்டுக்குப் போனேன். ஷெட்டை நடத்துகிறவர் ஒரு பெண். வள்ளத்துக்குள் மூன்று மெல்லிய வயர்களைப் புதைத்து, அவற்றின் மறுமுனையை ஒரு சின்னப் பெட்டியில் செருகியிருந்தார். பெட்டியில் மூன்று எண்கள் ஏறிக்கொண்டிருந்தன. உள்ளே எவ்வளவு சூடு என்று காட்டுகிற எண்கள். நான் கேட்டேன், இதில் ஒன்று மட்டும் ஏறாமல் நின்றுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று.

"ஒருக்க அப்படி வந்து," என்றார். "பெறவு சொல்லுதேன்."

அதற்குள் லாரி வந்துவிட்டது. ரெசின் டிரம்களை இறக்கப் போய்விட்டார். பிறகு இரண்டு முறை போன் செய்தேன். "அது கிடக்கட்டு, நீங்க மத்ததை எழுதுங்க," என்று சிரித்தார்.

அந்த "ஒருக்க", அந்த ஒரு தடவை, என்னை விடவில்லை. கட்டுரை எழுத உட்கார்ந்தால் அதுதான் முன்னால் வந்து நின்றது. ஆகவே இனி வருவது எல்லாம் நானாக இட்டுக்கட்டியது. அந்தப் பெண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. என் கதையில் வருகிறவள் பெயர் டெல்சி.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"ஆனி மாதச் சாரலில் அந்தக் கடற்கரை ஒரு—"

(வேண்டாம். நான் கடற்கரையை வர்ணிக்க ஆரம்பித்தால் சொல்ல விஷயம் இல்லை என்று அர்த்தம்.)

"பாலியெஸ்டர் ரெசினுடன் வினையூக்கி சேரும்போது வெளிப்படும் வெப்பமானது—"

(ஜெனித் மகிழ்வான். நீங்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவீர்கள்.)

"வள்ளத்துக்குக் காய்ச்சல் வர வேண்டும் என்று டெல்சி காத்திருந்தாள்."

இது இருக்கட்டும்.

காய்ச்சல் என்பது என் சொல் இல்லை, டெல்சியின் ஷெட்டில் எல்லோரும் சொல்வது. ஃபைபர் வள்ளம் எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். வள்ளத்தின் வடிவத்திலேயே, அதைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரு மோல்டு இருக்கும். அதன் உட்புறம் வண்ணப் பூச்சு. அதன்மேல் கண்ணாடி நாரால் ஆன பாயை விரித்து, ரெசின் என்கிற திரவப் பிசினை ஊற்றி, ரோலரால் உருட்டி ஒட்ட வேண்டும். அது ஓர் அடுக்கு. இப்படி அடுக்கடுக்காக. ரெசினில் சிறிதளவு ஹார்ட்னர் கலந்திருப்பார்கள். கலந்துவிட்டால் அடுப்பு வேண்டாம், தீ வேண்டாம், அது தானே சூடாகித் தானே இறுகும். அந்தச் சூடுதான் காய்ச்சல். ஹார்ட்னர் கூடிவிட்டால் சூடு மிஞ்சிப் புகைந்து வெடிக்கும். குறைந்துவிட்டால் பலாப்பிசின் மாதிரிப் பிசுபிசுவென்று கிடக்கும், ஒரு நாளும் வள்ளம் ஆகாது. உச்சி வெயிலில் ஒரு அளவு, சாரல் நாளில் இன்னொரு அளவு. தொட்டுப் பார்த்துச் சொல்லலாம்தான். ஆனால் கை மேலே இருப்பதை மட்டும் சொல்லும், அடுக்குகளுக்கு நடுவே என்ன நடக்கிறது என்று சொல்லாது.

(டெல்சியின் முதல் கருவி, கொரோனா காலத்தில் கோயில் வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்தத் துப்பாக்கிதான். கோயில்பிள்ளையிடம் இரவல் வாங்கினாள். அது மனிதக் காய்ச்சலுக்குச் செய்தது. வள்ளத்தின் சூடு கொஞ்சம் ஏறியதும் எண்ணைக் காட்ட மறுத்துவிட்டது. அப்புறம்தான் வயர்களும் பெட்டியும் வாங்கினாள். கோயில்பிள்ளை என்றால் எங்கள் பக்கம் மாதா கோயிலைப் பெருக்கி, மணியடித்து, மெழுகுதிரி ஏற்றுகிறவர்.)

3

இதுவரை எழுதியதை என் மனைவி ஷைஜாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பள ஒருத்தி வள்ளம் கட்டுகான்னா ஒடனே மாப்பிள செத்துட்டானான்னு கேப்பாங்க. அதுக்கு என்ன வச்சிருக்கிய?"

நல்ல கேள்வி. முதல் பிரதியில் நிஜமாகவே கொன்றுதான் வைத்திருந்தேன். வெட்கமாகப் போய்விட்டது, எடுத்துவிட்டேன். டெல்சியின் கணவன் பிபின் உயிரோடு, குண்டாக, மஸ்கட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டிக் கம்பெனியில் இருக்கிறான். தினமும் சாயங்காலம் கூப்பிட்டு என்ன கறி என்று கேட்பான். டெல்சி இந்த வேலையைச் செய்வது அவளுக்குப் பிடித்திருப்பதால். திரவம் ஒன்று தானாகச் சூடாகிக் கல்லாவது, எத்தனை வள்ளம் முடித்த பிறகும், அவளுக்கு ஆச்சரியமாகவே இருந்தது. ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கேட்கிற ஆள் கிடைத்தால் சொல்லிக்கொண்டும் இருப்பாள். அவளுடைய இந்த வாய்தான் கதையின் பாதிக் காரணம், அது பின்னால் வரும்.

4

அன்றைய வள்ளம் ஏசுஅடிமைக்கு. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மீசை நரைத்த மனுசன். மீசை முளைத்த நாள் முதல் கடலில்தான், ஆனால் ஒரு நாளும் சொந்த வள்ளத்தில் இல்லை, எப்போதும் பிறத்தியார் வள்ளத்தில் கூலிக்கு. போன வருசம் நெஞ்சு வலித்து, நாகர்கோவிலில் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். இனி வலை இழுக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்த கையோடு டெல்சியிடம் வந்து, எனக்கு ஒரு வள்ளம் போடு என்றார். பிறத்தியார் வலையை இழுக்கக் கூடாது என்றுதானே டாக்டர் சொன்னார் என்று ஒரு வியாக்கியானம் வேறு.

"இந்த ஒரு தடவ பாப்பேன் பிள்ளே," என்றார். "இது வாய்க்கல்லேன்னா எனக்கு விதிச்சது இல்லேன்னு கரையில கெடந்துருவேன். பெறவு கேக்க மாட்டேன்."

சொன்னால் சொன்னதுதான் என்று ஊருக்கே தெரியும். அவர் மனைவி கிரேசிக்கும் தெரியும்.

கிரேசி எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை போட்டால் அவருக்கு நெஞ்சு படபடக்கும் என்று பயம். மாறாக ஷெட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தாள். மோல்டைத் துடைக்கிற நாளிலும் வந்தாள், மெழுகு பூசுகிற நாளிலும் வந்தாள். டெல்சிக்கும் பேசக் கிடைத்த ஆள்.

ஒரு வழக்கம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதை நகராது. (நான் உண்டாக்கிய வழக்கம். அந்தக் கரையில் போய்த் தேடாதீர்கள்.) வள்ளம் போட ஆரம்பிக்கும்போது கோயில் விளக்கு எண்ணெயை ஒரு குப்பியில் ஊற்றி, மூடிமேல் மெழுகுதிரி உருக்கி அடைத்து, கோயில்பிள்ளை கொடுப்பார். வள்ளக்காரரின் மனைவி அதை வீட்டில் வைத்திருப்பாள். வள்ளம் இறுகி மோல்டிலிருந்து வெளியே வந்த பிறகுதான் மெழுகை உடைக்க வேண்டும். உடைத்து, அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்தலையில், எண்ணெயால் சிலுவை போடுவாள். அதற்கு முன் உடைக்கக் கூடாது. வேலை நடக்கிற நாளில் சாப்பாடும் வள்ளக்காரர் வீட்டிலிருந்துதான்.

அன்று மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வந்தன. கிரேசி கொண்டுவந்தாள். ஏசுஅடிமை வரவில்லை. ரெசின் நெடி அவர் நெஞ்சுக்கு ஆகாது என்று டெல்சி சொல்லியிருந்தாள், அவர் கயிறு வாங்கக் கோட்டாற்றுக்குப் போயிருந்தார்.

இரண்டு அடுக்கு முடிந்திருந்தது. டெல்சி மூன்று வயர்களையும் இடம் பார்த்து ஒட்டினாள்: பின்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, அணியத்தில் ஒன்று. ஆட்கள் கை கழுவிச் சாப்பிட ஷெட்டின் பின்பக்கம் போனார்கள். டெல்சியும் போனாள். கிரேசி பரிமாறிவிட்டு, தண்ணீர்க் குடத்தை எடுத்து வருகிறேன் என்று, மோல்டு கிடந்த முன்பக்கம் போனாள்.

5

சாப்பிட்டு வந்து மூன்றாம் அடுக்கையும் நான்காம் அடுக்கையும் போட்டார்கள். ஆட்கள் கிளம்பிவிட்டார்கள். டெல்சி பெட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இந்த நேரம்தான் அவளுக்கு உயிர்.

பின்பக்கம் நாற்பதைத் தாண்டியது. நடுவும் தொட்டுக்கொண்டே வந்தது. ஐம்பது. அணியம் முப்பத்து மூன்றில் நின்றது. ஷெட்டுக்குள் காற்றின் சூடே அவ்வளவுதான்.

அவளுக்குப் பயம் வரவில்லை, முதலில் வந்தது குறுகுறுப்பு. அணியம்தான் எப்போதும் முந்துகிற இடம். அங்கே நார் கனம் கூடுதல், கனம் கூடினால் சூடும் கூடும். அது ஏன் பிந்துகிறது? வயர் கெட்டிருக்கும் என்று, பெட்டியில் அணியத்து வயரையும் நடு வயரையும் இடம் மாற்றிச் செருகினாள். எண்களும் இடம் மாறின. ஆக, பெட்டி பொய் சொல்லவில்லை. அணியத்து வயரின் வெளியே நீட்டிய பாகத்தைக் கையால் பொத்திப் பார்த்தாள், முறிவு இல்லை. ஹார்ட்னர் குறைந்துவிட்டதோ? ஒரே வாளியில் கலந்ததுதான் நடுவுக்கும் போனது. நடு நன்றாகத்தானே காய்கிறது. கூரை ஒழுகிச் சாரல் விழுந்ததோ? அண்ணாந்து பார்த்தாள், தார்ப்பாய் காய்ந்திருந்தது.

மழைக்காலத்துக்கென்று வைத்திருந்த ஹாலஜன் விளக்கை இழுத்து அணியத்துக்கு நேரே பிடித்தாள். எண் ஏறியது. முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு. விளக்கை அணைத்தாள். இறங்கி வந்து பழைய இடத்திலேயே நின்றது. விளக்கு கொடுத்த சூடுதான், அதற்கென்று சொந்தமாக ஒன்றும் இல்லை.

கையுறை போட்ட விரலால் அணியத்தை அமுக்கினாள். உள்ளங்கை அகலத்துக்கு மெத்தென்று அமுங்கியது. சுற்றிலும் கெட்டிப்பட ஆரம்பித்திருந்தது. ஓரத்தைக் கத்தி முனையால் சற்று நெம்பினாள். வழவழவென்று ஒன்று கத்தியில் வந்தது. விரல்களுக்கிடையில் தேய்த்தாள்.

எண்ணெய்.

6

(இந்தப் பகுதியை ஐந்து முறை எழுதினேன். நான்கு முறை கிரேசி அழுதாள். ஷைஜா சொன்னாள், "அவ எதுக்கு அழணும்? பாத்திரம் கழுவுகவ அழுதுக்கிட்டா நிப்பா?" சரிதான்.)

கிரேசி பின்பக்கம் குழாயடியில் கறிச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, மோல்டுக்குள்ள ஏதாச்சும் ஊத்தினியளா?"

கிரேசி நிமிரவில்லை. "கோயில் எண்ணெ பிள்ளே. ஒரு சொட்டு."

"வள்ளம் வெளிய வந்த பெறவுல்லா போடணும்?"

"எனக்குப் பயமா இருந்து. முன்னையே போட்டா நல்லதுன்னு தோணிச்சு." சட்டியைக் கவிழ்த்தாள். "அவருகிட்ட சொல்லண்டாம். வெப்ராளப்பட்டா நெஞ்சுக்கு ஆகாது."

டெல்சிக்குக் கோபம் வந்தது. அடுத்த நொடியே பாவமாகவும் இருந்தது. நெஞ்சில் குழாய் வைத்த மனுசனைக் கடலுக்கு அனுப்புகிறவள் ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றாமல் என்ன செய்வாள்? அவளை எப்படித் திட்ட?

"சாரமில்ல மாமி. இறுகாத எடத்தத் தேய்ச்சு எடுத்துட்டு, புதுசா அடுக்கு வச்சிரலாம். வள்ளத்துக்கு ஒண்ணும் ஆகாது."

கிரேசி இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "அவ்வளவு தானா?"

"அவ்வளவு தான்."

கிரேசி பாத்திரங்களைக் கூடையில் அடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெனித்தின் மலருக்கென்றால் இங்கேயே முடித்துவிடலாம். கண்காணித்தாள், கண்டுபிடித்தாள், சரிசெய்தாள். வெப்பத்தை அளப்பதால் விளையும் நன்மை. சுபம்.

7

ஆனால் அந்த "அவ்வளவு தானா" என்ற கேள்வியை எழுதிய பிறகு எனக்குக் கை ஓடவில்லை. நான் திட்டமிட்டு எழுதியதில்லை அது, தானாக வந்து விழுந்தது. நிம்மதியில் கேட்டாளா, ஏமாற்றத்தில் கேட்டாளா? அவளை உண்டாக்கினவனுக்கே தெரியவில்லை என்றால் நீங்கள் என்னைச் சும்மா விடுவீர்களா?

டெல்சிக்கும் அதே நேரத்தில்தான் தட்டியது. இறுகாத இடத்தைத் தேய்த்து எடுக்கச் சாணை மெஷினைப் பிளக்கில் செருகப் போனவள் கையை எடுத்துக்கொண்டாள். மோல்டைத் துடைத்த நாளில் ஒரு பேச்சு நடந்தது. அவளேதான் சொல்லிக்கொண்டிருந்தாள், கேட்க ஆள் இருக்கிறதே என்று.

"இந்த ரெசின்ல எண்ணெ பட்டா அம்புட்டு தான் மாமி. அந்த எடத்துக்குக் காய்ச்சலே வராது."

"அப்பம் எண்ணெ பட்டது ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"வயர் கெடக்குற எடத்துல பட்டா இங்க பெட்டியில தெரிஞ்சிரும். மத்த எடத்துல பட்டா, கடலுக்குப் போய் அடுக்கு விட்டு உரிஞ்ச பெறவு தான் தெரியும்."

 வயர் எங்கெங்கே வைப்பாய் என்று மட்டும் கிரேசி கேட்டாள். டெல்சி மூன்று இடங்களையும் கையால் காட்டினாள்.

இப்போது டெல்சி மோல்டுக்குள் குனிந்து பார்த்தாள். அணியம் ஒன்றும் சின்ன இடமில்லை. சிலுவை போடுகிற இடம் மேலே, விளிம்புக்கு அருகில். எண்ணெய் அங்கே இல்லை. கீழே, வயர் முனை ஒட்டியிருந்த இடத்தின் மேலேயே, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. ஒரு சொட்டு அவ்வளவு பரவாது.

வள்ளம் கெட வேண்டும் என்று ஊற்றியிருந்தால், வயர் இல்லாத இடத்தில் ஊற்றியிருக்கலாமே என்று நினைத்தாள்.  வயர் இல்லாத இடத்தில் ஊற்றியிருந்தால் மனுசன் கடலில் போய்விடுவார். வயர் மேல் ஊற்றினால் வள்ளம் மட்டும்தான் போகும். டெல்சி பார்ப்பாள், இது ஆகாது என்பாள், ஏசுஅடிமை தனக்கு விதிச்சது இல்லை என்று கரையில் கிடப்பார், உயிரோடு.

ஆனால் டெல்சி, தேய்த்து எடுத்துவிடலாம், ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டாளே.

(கவனிக்கவும்: இதெல்லாம் டெல்சியின் ஊகம். கிரேசி சும்மா பக்தியில் கை நடுங்கி ஊற்றியிருக்கலாம், குப்பி சரிந்திருக்கலாம். நான் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து பார்க்கிறேன். ஷைஜாவிடம் கேட்டேன். "நானா இருந்தா வயர் மேல தான் ஊத்துவேன்," என்றாள், பூண்டிலிருந்து கண்ணை எடுக்காமல். எனக்கு அன்று சாப்பாடு சரியாக இறங்கவில்லை.)

8

ஏசுஅடிமை சாயங்காலம் வந்தார். தோளில் புதுக் கயிற்றுச் சுருள். நெடி அடங்கியிருக்குமா என்று வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். மோல்டின் நீளத்துக்கும் ஒரு முறை நடந்தார். தொடவில்லை. தொடலாமா என்று கேட்கவும் கூச்சப்பட்டார். சட்டைப் பையில் கைவிட்டு ஒரு குப்பியை எடுத்தார்.

"வார வழியில வீட்டுக்குப் போனேன். கிரேசி இத ஒனக்க கையில குடுக்கச் சொன்னா."

கோயில் எண்ணெய்க் குப்பி. மூடிமேல் மெழுகு, கோயில்பிள்ளை அடைத்தது அடைத்தபடி. கழுத்துவரை எண்ணெய்.

டெல்சி அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஒரு சொட்டுக்கூடக் குறையவில்லை. அப்படியென்றால் மோல்டுக்குள் ஊற்றியது கோயில் எண்ணெயே இல்லை, பக்திக்கு ஊற்றியதும் இல்லை.

"வேற ஏதாச்சும் சொன்னாவளா மாமா?"

"ஒண்ணும் சொல்லல்ல. டெல்சிகிட்ட குடுங்க, அவளுக்குத் தெரியும்னா." அவர் சிரித்தார். "என்னத்தத் தெரியும்னு நான் கேக்கல்ல. பொம்பளைகளுக்கு ஆயிரம் இருக்கும்."

இதற்கு மேல் ஊகத்துக்கு இடமில்லை. கிரேசி சொல்லிவிட்டாள். வாயால் சொல்லாமல், புருசன் கையிலேயே கொடுத்தனுப்பிச் சொல்லிவிட்டாள். நான் அவளை நடுவில் நிறுத்திவைக்கப் பார்த்தேன், அவள் குப்பியை அனுப்பி என் வித்தையைக் கெடுத்துவிட்டாள். இனி எல்லாம் டெல்சி கையில்.

சாணை மெஷின் பக்கத்திலேயே கிடக்கிறது. தேய்த்து எடுத்து அடுக்கு வைத்தால் நல்ல உறுதியான வள்ளம், அவள் பெயருக்கு ஒரு குறையும் வராது. வாழ்நாள் முழுக்கப் பிறத்தியார் வள்ளத்தில் போன மனுசன் ஒரு காலையிலாவது தன் வள்ளத்தில் போவார். எத்தனை காலை என்பது டாக்டருக்கும் தெரியாது. தேய்க்காமல், வள்ளம் கெட்டுப்போச்சு மாமா என்று ஒரு பொய் சொன்னால் அவர் நம்புவார். டெல்சியின் எண்களை அந்தக் கரையில் சந்தேகப்படுகிற ஆள் இல்லை. இத்தனை காலம் பொய் சொல்லாத பெட்டி அது.

ஒரு முடிவு எழுதினேன்: வள்ளம் இறங்குகிறது, கிரேசி கரையில்— (கிழித்தேன். அவளை அங்கே நிற்கவைக்க எனக்கு மனம் வரவில்லை.) இன்னொன்று எழுதினேன்: ஏசுஅடிமை ரோட்டோரம் பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்களின் வள்ளங்கள் போவதை— (இதையும் கிழித்தேன். அவர் முகத்தை எழுத முடியவில்லை.) உண்மையான அந்தப் பெண்ணுக்கு மூன்றாம் முறையும் போன் செய்தேன். "ஒருக்க அப்படி வந்துன்னு சொன்னீங்களே, என்ன செய்தீங்க?" என்று கேட்டேன்.  "நீங்க என்ன செய்திருப்பிய?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

ஆகவே நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். ஷெட்டில் இரண்டு பேர். டெல்சியின் ஒரு கையில் மெழுகு உடையாத குப்பி. பெட்டியில் மூன்று எண்கள், இரண்டு ஏறி இறங்கிவிட்டன, ஒன்று இன்னும் முப்பத்து மூன்றிலேயே நிற்கிறது. ஏசுஅடிமைக்குப் படிக்கத் தெரியும், ஆனால் பெட்டியை அவர் பார்க்கவில்லை. கயிற்றுச் சுருளைத் தோளிலிருந்து இறக்கி, மோல்டின் அருகில், வள்ளம் வெளியே வந்ததும் எடுத்துக் கட்டுவதற்குத் தோதாக வைத்தார். பிறகு நிமிர்ந்து, டெல்சியின் முகத்தைப் பார்த்துக் கேட்டார். டெல்சியின் வாயில் நான் எந்தப் பதிலும் வைக்கவில்லை. அவர் காத்துக்கொண்டு நிற்கிறார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

"காய்ச்சல் வந்தாச்சா பிள்ளே?"